சோறு தின்ன நேரம் கேட்டவர்கள்



ஒக்டோபர் மாதத்தின் நான்காவது திங்கட்கிழமை இந்த நாட்டில் தொழிலாளர் தின விடுமுறை. மே முதலாம் திகதி ஊர்வலங்களைப் பார்த்து வளர்ந்த எமக்கு வந்த புதிதில் இது புதினமாகத்தான் இருந்தது. இந்த நாளின் கதை 1840 இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு வெலிங்டனுக்குப் பக்கத்தில் உள்ள பெட்டோனியில் சாமுவேல் பார்னெல் என்ற தச்சர் கப்பலில் வந்து இறங்கினார். ஜோர்ஜ் ஹண்டர் என்பவர் தனக்கு ஒரு களஞ்சியசாலை கட்டித் தரும்படி அவரைக் கேட்டார். ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்யமாட்டேன் என்பதுதான் பார்னெல் வைத்த நிபந்தனை. புதிய குடியேற்றம், தச்சர்கள் மிகக் குறைவு. ஹண்டர் ஒப்புக்கொண்டார். ஐம்பது ஆண்டு கழித்து 1890 இல் முதலாவது தொழிலாளர் தின ஊர்வலம் நடந்தபோது முதியவரான பார்னெலும் அதில் கலந்துகொண்டார். 1899 இல் சட்டம் வந்தது, 1900 முதல் பொது விடுமுறையானது.

இந்தக் கதையில் ஒன்றைக் கவனியுங்கள். எட்டு மணித்தியாலத்தை யாரும் அன்பளிப்பாகக் கொடுக்கவில்லை. வேலை செய்பவர் கேட்டார், கேட்கக்கூடிய நிலையிலும் இருந்தார்.

இன்று ஓக்லாந்தில் எந்த வேலைத்தலத்துக்குப் போனாலும் 'ஊழியர் நலன்' என்ற பேச்சு இருக்கிறது. சுவரில் சுவரொட்டி, மேசையில் பழக்கூடை, மத்தியானத்தில் யோகா வகுப்பு, மின்னஞ்சலில் 'உங்கள் மனநலம் எங்களுக்கு முக்கியம்' என்று ஒரு கடிதம். இவற்றில் எது உண்மை, எது ஒப்புக்கு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நான் தொழிலால் கணக்காளன். ஊழியர் நலன் என்ற செலவினத்தைப் பல நிறுவனங்களின் பேரேடுகளில் பார்த்திருக்கிறேன். செலவுத் தொகையை வைத்து இதற்கு விடை சொல்ல முடியாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். நூறு ஆண்டுகளுக்கு முன் சென்னைப் பெரம்பூரில் நடந்த ஒரு வரலாறு இதற்கு நல்ல விடை சொல்கிறது. இம்மாத உரையில் அதைத்தான் சொல்லப் போகிறேன்.

பெரம்பூர் ஆலைகள்

சென்னையில் பின்னி கம்பனி என்று ஓர் ஆங்கிலேய நிறுவனம் இருந்தது. 1876 இல் பக்கிங்காம் ஆலையும் 1881 இல் கர்நாட்டிக் ஆலையும் அதன் நிர்வாகத்தில் உருவாகின. பின்னர் 1920 இல் இரண்டும் ஒரே கம்பனியாக இணைந்தன. மக்கள் அதைச் சுருக்கமாக 'பி அன்ட் சி மில்' என்பார்கள். நூல் நூற்பதும் துணி நெய்வதும் அங்கே வேலை. இராணுவத்துக்கும் பொலிசுக்கும் போன காக்கித் துணிக்கு அந்த ஆலை பெயர் பெற்றது. இரண்டு ஆலைகளிலும் ஏறக்குறையப் பத்தாயிரம் பேர் வேலை செய்தார்கள்.

அந்தக் காலத்து ஆலைகளோடு ஒப்பிட்டால் இது மோசமான இடமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆலையில் வேலை செய்த சிறுவருக்குப் பள்ளிக்கூடம் இருந்தது. மருந்துச்சாலை இருந்தது. இயந்திரங்கள் நல்லவை. வெளியிலிருந்து வருபவர்களுக்குச் சுற்றிக் காட்டக்கூடிய ஆலை அது. நல்ல முதலாளி என்று கம்பனிக்கு வெளியே பெயரும் இருந்தது.

உள்ளே நிலைமை வேறு. 1911 ஆம் ஆண்டுச் சட்டப்படி துணியாலையில் ஆண் தொழிலாளி ஒருவரிடம் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் வரை வேலை வாங்கலாம். மத்தியானம் அரை மணித்தியாலம் இடைவேளை கொடுத்தால் போதும். ஆலை அந்த அரை மணித்தியாலத்தைக் கொடுத்தது. கணக்காய்வுக்கு யாராவது போயிருந்தால் 'சட்டப்படி சரி' என்று அடையாளம் போட்டுவிட்டு வந்திருப்பார்.

ஆனால் அந்த அரை மணித்தியாலத்துக்குள் என்ன நடக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் இயந்திரத்தை விட்டு வர வேண்டும். பஞ்சுத் தூசியைக் கழுவ வேண்டும். சாப்பாட்டைத் தேடி எடுத்து, இருக்க இடம் பிடித்து, சாப்பிட்டு, சங்கு ஊதும் முன்பு திரும்ப இயந்திரத்தடியில் நிற்க வேண்டும். பிந்தினால் தொல்லை. வெள்ளைக்கார மேற்பார்வையாளர் சிலர் கைநீட்டி அடிப்பார்கள் என்ற முறைப்பாடும் இருந்தது. சம்பளம் விலைவாசிக்குக் காணாது, அது முதலாம் உலக யுத்த காலம். பள்ளிக்கூடமும் மருந்துச்சாலையும் வைத்திருந்த ஆலையில், மனிதர் நிம்மதியாக ஒரு வாய் சோறு தின்ன நேரம் இல்லை.

கடைக்காரரும் பத்திரிகையாளரும்

தொழிலாளர் தங்கள் மனக்குறையை முதலில் யாரிடம் சொன்னார்கள்? ஆலைக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்த செல்வபதி செட்டியாரிடம். அவரும் இராமாநுஜலு நாயுடு என்பவரும் ஸ்ரீ வேங்கடேச குணாமிர்த வர்ஷணி சபை என்ற பெயரில் ஒரு பக்திச் சபை நடத்தி வந்தார்கள். மாலையில் தொழிலாளர் அங்கே வருவார்கள். பக்தி கேட்க வந்தவர்கள் வேலையில் படும் பாட்டையும் சொன்னார்கள். எமது மக்களுக்கு இது புதிதல்ல. இங்கேயும் கோவில் வாசலிலும் தமிழ்ப் பள்ளிக்கூட வாகனத் தரிப்பிடத்திலும்தான் மனம் திறந்த பேச்சு நடக்கிறது. அலுவலகம் அனுப்பும் கருத்துக் கணிப்புப் படிவத்தில் எல்லாம் 'நன்று' என்று எழுதிவிட்டு வருகிறவர்கள் எங்களில் எத்தனை பேர்!

1918 மார்ச் மாதம் அந்தச் சபையின் சார்பில் பெரம்பூரில் ஒரு கூட்டம் நடந்தது. அதில் பேசியவர்களில் ஒருவர் 'தேசபக்தன்' நாளிதழின் ஆசிரியர் திரு.வி. கலியாணசுந்தரனார். திரு.வி.க. என்றால் எமது மூத்த நேயர்களுக்கு நன்றாகத் தெரியும். அவருக்கும் எமது மண்ணுக்கும் ஓர் உறவு உண்டு. சென்னை இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் அவருக்குத் தமிழார்வத்தை ஊட்டிய ஆசிரியர், வடமராட்சிப் புலோலியைச் சேர்ந்த நா. கதிரைவேற்பிள்ளை. யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஒருவரிடம் கற்ற தமிழ் பெரம்பூர்த் தொழிலாளர் மேடையில் ஒலித்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

செல்வபதி செட்டியாரும் இராமாநுஜலு நாயுடுவும் பி. பி. வாடியாவையும் போய்ச் சந்தித்தார்கள். வாடியா பம்பாயைச் சேர்ந்த பார்சி இனத்தவர். அன்னி பெசன்ட் அம்மையாரோடு பிரம்மஞான சபையிலும் 'நியூ இந்தியா' பத்திரிகையிலும் பணி செய்தவர். 1917 இல் அம்மையாரோடு சேர்த்து அரசாங்கம் அவரையும் தடுத்து வைத்திருந்தது. தமிழ் தெரியாதவர், ஆலை வேலை அறியாதவர். ஆனால் அவர் செய்த முதல் காரியம் சரியான காரியம். மருந்து எழுத முன்பு நோயை விசாரித்தார். எங்கே வலிக்கிறது என்று தொழிலாளரிடமே கேட்டார். வந்த பதில்களில் முன்னுக்கு நின்றது அந்தச் சாப்பாட்டு நேரம்.

1918 ஏப்ரல் 27 ஆம் திகதி சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. இந்தியாவில் ஒழுங்காக அமைக்கப்பட்ட முதலாவது நவீன தொழிற்சங்கம் என்று வரலாற்றாசிரியர் பலர் இதையே குறிப்பிடுகிறார்கள். வாடியா தலைவர். திரு.வி.க. துணைத் தலைவர்களில் ஒருவர். கூட்டங்களில் வாடியா ஆங்கிலத்தில் பேச, தமிழில் மொழிபெயர்த்துச் சொல்லப்பட்டது. சங்கத்தின் ஆரம்ப வெற்றிகளில் ஒன்று, மத்தியான இடைவேளை முப்பது நிமிடத்திலிருந்து நாற்பது நிமிடமானது.

பத்து நிமிடம்தானே என்று நினைக்காதீர்கள். கம்பனிக்கு அதனால் பெரிய செலவு இல்லை. புதுக் கட்டடம் தேவையில்லை, புது மருத்துவர் தேவையில்லை. ஆனால் இத்தனை வருடம் அது ஏன் கிடைக்கவில்லை? கேட்பதற்கு ஒரு வாய் இல்லை, கேட்ட வாய்க்குப் பாதுகாப்பும் இல்லை. நலன்புரியின் முதல் பாடம் இதுதான் என்று நான் கருதுகிறேன்.

கதவடைப்பும் வழக்கும்

நிர்வாகம் சங்கத்தை விரும்பவில்லை. பள்ளிக்கூடம் கொடுப்போம், மருந்து கொடுப்போம், ஆனால் எதைக் கொடுப்பது என்பதை நாங்களே தீர்மானிப்போம் என்பதே அவர்களுடைய நிலைப்பாடு. வேலைநிறுத்தமும் கதவடைப்பும் மாறி மாறி வந்தன. 1920 இறுதியில் பெரிய கதவடைப்பு. அந்த டிசம்பரில் ஆலைக்கு அருகே பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் இருவர் உயிரிழந்தார்கள். கம்பனி வாடியா மீதும் சங்கத் தலைவர்கள் மீதும் நட்டஈடு கேட்டு வழக்குப் போட்டது. சென்னை உயர் நீதிமன்றம் தடையுத்தரவு பிறப்பித்தது. தொழிற்சங்கத்துக்கு அன்று சட்டத்தில் இடமில்லை. தொழிலாளியை வேலைக்குப் போகாதே என்று சொல்வது, ஒப்பந்தத்தை மீறத் தூண்டிய குற்றமாகப் பார்க்கப்பட்டது. வழக்கைக் கைவிடும் இணக்கத்தின் ஒரு பகுதியாக 1921 தொடக்கத்தில் வாடியா சங்க வேலையிலிருந்து விலகினார்.

அதே ஆண்டு நடுப்பகுதியில் மீண்டும் பெரிய வேலைநிறுத்தம். இந்தப் பகுதியைச் சொல்லும்போது மனம் கனக்கிறது, ஆனால் சொல்லாமல் விடக்கூடாது. ஆதிதிராவிடத் தொழிலாளரில் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். கையில் சேமிப்பு இல்லாத மக்கள் அவர்கள். தலைமுறை தலைமுறையாக அவமதிப்பைக் கண்டவர்கள். இந்தச் சங்கம் வென்றால் எங்களுக்கு என்ன கிடைக்கும் என்ற ஐயம் அவர்களுக்கு இருந்ததில் வியப்பில்லை. அவர்களின் தலைவரான எம். சி. ராஜாவும் வேலைநிறுத்தத்தை ஆதரிக்கவில்லை. தொழிலாளர் சாதியால் இரண்டாகப் பிரிந்தார்கள். புளியந்தோப்பில் கலவரம் மூண்டு குடிசைகள் எரிந்தன. பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் மேலும் உயிர்கள் போயின. ஒக்டோபர் மாதம் வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது.

நிர்வாகம் தொழிலாளரைக் கேட்கவில்லை என்று குற்றம் சொன்ன சங்கம், தன்னுள்ளே கடைசி வரிசையில் நின்றவர்களைப் போதிய அளவு கேட்கவில்லை. இது இரண்டாவது பாடம். 'எல்லோருடைய நலன்' என்று சொல்லும்போது அந்த எல்லோரில் யார் இல்லை என்று பார்க்க வேண்டும்.

நலன்புரிக் குழு

இத்தனைக்கும் பிறகு, 1922 இல் கம்பனி ஒரு நலன்புரிக் குழுவை அமைத்தது. பகுதிவாரியாகத் தொழிலாளர் தெரிவு செய்த பிரதிநிதிகள் அதில் இருந்தார்கள். பள்ளிக்கூடம் பெருகியது. தொழிலாளருக்கென்று வீடுகள் கட்டப்பட்டன, பண்டகசாலை நடந்தது, வாசிப்பும் விளையாட்டும் நடந்தன. பின்னாளில் இந்திய ஆலைகளின் நலன்புரி வேலைக்கு முன்மாதிரி என்று பி அன்ட் சி ஆலையைப் பலரும் எடுத்துக் காட்டினார்கள்.

இதை வெறும் நாடகம் என்று நான் சொல்லமாட்டேன். அந்தப் பள்ளிக்கூடத்தில் எழுத்துப் படித்த பிள்ளைக்கு அந்த எழுத்து உண்மையானது. அந்த மருந்துச்சாலையில் காய்ச்சல் மாறிய தாய்க்கு அந்த மருந்து உண்மையானது. ஆனால் அது தொடங்கிய காலத்தைப் பாருங்கள். சங்கம் தோற்று, தலைவர்கள் விலக்கப்பட்ட மறு ஆண்டு. தொழிலாளர் தாங்களே அமைத்த சங்கம் ஒரு பக்கம், கம்பனி அமைத்துக் கொடுத்த குழு மறுபக்கம். கம்பனி வரைந்த எல்லைக்குள் பேசுகிற இடம் அது. கொடுக்கிற கை நல்ல கையாக இருந்தால் நல்லது நடக்கும். கை மாறினால் அதுவும் மாறும்.

நிலைத்து நின்றது எது? சட்டமானவை நிலைத்தன. 1922 இல் திருத்தப்பட்ட தொழிற்சாலைச் சட்டம் வேலை நேரத்தை நாளொன்றுக்குப் பதினொரு மணித்தியாலமாகவும் கிழமைக்கு அறுபது மணித்தியாலமாகவும் குறைத்து, இடைவேளையை ஒரு மணித்தியாலமாக்கியது. சென்னை வழக்கு எழுப்பிய கேள்வியின் தொடர்ச்சியாக, என். எம். ஜோஷி போன்றோரின் முயற்சியால், 1926 இல் இந்தியத் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. ஆலை 1996 இல் நிரந்தரமாக மூடப்பட்டுவிட்டது. அந்தச் சட்டங்களின் வழிவந்த உரிமைகள் ஆலை மூடிய பிறகும் இருக்கின்றன.

எமது தாயகத்திலும் இதற்கு ஒப்பான ஒன்றைக் கண்டிருக்கிறோம். மலையகத் தோட்டங்களில் லயன் வீடு இலவசம், பிள்ளை மடுவம் இலவசம், தோட்டத்து மருந்துச்சாலை இலவசம். தோட்டத்துக் கணக்கில் எல்லாம் வசதிகள். ஆனால் வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலையை விட்டால் வீடும் போகும். தொழிலாளியின் வாயை மூட வேறு பூட்டு எதற்கு?

ஓக்லாந்துக்கு வருவோம்

இதெல்லாம் பழங்கதை, நியூசிலாந்தில் சட்டம் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. ஆனால் சாப்பாட்டு நேரத்தின் கதை இங்கேயும் நேர்கோட்டில் போகவில்லை. 2009 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டம் இடைவேளைகளை நிமிடக் கணக்கில் வரையறுத்தது. 2015 மார்ச்சில் அந்த நிமிடங்கள் நீக்கப்பட்டு, 'நியாயமான' இடைவேளை என்ற பொதுச் சொல் வந்தது. 2019 மே 6 ஆம் திகதி நிமிடங்கள் திரும்பி வந்தன. எட்டு மணித்தியால வேலைக்குச் சம்பளத்துடன் இரண்டு பத்து நிமிட ஓய்வு, சாப்பாட்டுக்குச் சம்பளமின்றி முப்பது நிமிடம். பெரம்பூரில் போதாது என்று சண்டை பிடித்த அதே முப்பது நிமிடம்! வேலை நாள் குறுகியிருக்கிறது, உண்மைதான். ஆனாலும் நிமிடங்கள் தாமாக நிலைப்பதில்லை என்பதை இந்தப் பத்து ஆண்டுக் கதை காட்டுகிறது.

2010 நவம்பர் 19 இல் பைக் ரிவர் சுரங்கத்தில் 29 பேர் இறந்தார்கள். அதன் பின் வந்த 2015 ஆம் ஆண்டுச் சுகாதார, பாதுகாப்புச் சட்டம் இரண்டு முக்கியமான விடயங்களைச் சொன்னது. ஒன்று, சுகாதாரம் என்றால் உடல் நலமும் மன நலமும் சேர்ந்தது. மற்றது, பாதுகாப்பு விடயங்களில் தொழிலாளரைக் கலந்து பேச வேண்டியது நிறுவனத்தின் கடமை.

கலந்து பேசினால் என்ன நடக்கும் என்பதற்கு ஓக்லாந்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2018 மார்ச், ஏப்ரல் மாதங்களில் பெர்பெச்சுவல் கார்டியன் என்ற நிறுவனம் எட்டுக் கிழமை ஒரு பரீட்சார்த்தம் செய்தது. மரண சாசனம், சொத்துப் பராமரிப்பு போன்ற வேலை செய்யும் நிறுவனம் அது. ஏறக்குறைய 240 ஊழியர். நான்கு நாள் வேலை, ஐந்து நாள் சம்பளம். வேலையை எப்படி ஒழுங்குபடுத்துவது என்று ஊழியரையே குழுக்களாகத் திட்டமிடச் சொன்னார் அதன் அதிபர் அன்ட்ரூ பார்ன்ஸ். வெளியிலிருந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வந்து அளந்தார்கள். வேலையையும் வாழ்க்கையையும் சமாளிக்க முடிகிறது என்றவர்கள் 54 வீதத்திலிருந்து 78 வீதமானார்கள். மன அழுத்தம் 45 வீதத்திலிருந்து 38 வீதமாகக் குறைந்தது. வேலை குறையவில்லை. அந்த ஆண்டு நவம்பரில், விரும்பியவர்களுக்கு இது நிரந்தரமானது.

இதன் மறுபக்கத்தையும் அதே ஆய்வாளர்களில் ஒருவர் பின்னர் எழுதினார். சிலருக்கு ஐந்து நாள் வேலை நான்கு நாளுக்குள் நெருக்கப்பட்டது, எவ்வளவு முடித்தாய் என்ற கண்காணிப்பும் கூடியது. நல்ல திட்டத்தையும் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்துத் திருத்த வேண்டும் என்பதே இதன் பொருள். அத்துடன், இரவில் கட்டடம் துப்புரவு செய்பவருக்கும் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்பவருக்கும் இப்படி ஒரு நான்கு நாள் கிழமை எளிதில் எட்டாது. எமது குடும்பங்களில் பலர் தொடங்கிய வேலைகள் அவைதான்.

ஐந்தொகையைப் பார்க்கிற கண்

இப்போது கணக்காளனாக ஒன்று சொல்கிறேன். நான் கணக்குப் பார்த்த ஒரு நிறுவனத்தில் (பெயர் வேண்டாம்) ஒரு வருடம் ஊழியர் நலன் வாரம் சிறப்பாக நடந்தது. பேச்சாளர், சிற்றுண்டி, ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல். அதே வருட ஐந்தொகையில் ஊழியருக்குக் கொடுபட வேண்டிய விடுமுறைப் பொறுப்பு முந்தைய வருடத்தைவிட நன்றாகக் கூடியிருந்தது. அதாவது ஆட்கள் லீவு எடுக்கவில்லை. விலகிப்போன இருவரின் இடம் நிரப்பப்படாததால் எடுக்க முடியவில்லை. செலவுப் பக்கத்தில் நலன் இருந்தது, பொறுப்புப் பக்கத்தில் களைப்பு இருந்தது. இரண்டையும் ஒருவரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

ஆகவே உங்கள் வேலைத்தலத்தில் ஒரு நலன்புரித் திட்டம் வந்தால் நான்கு கேள்விகளை மனதில் வைத்திருங்கள்.

முதலாவது, இது யாரைக் கேட்டுத் தொடங்கியது? பெரம்பூரில் பள்ளிக்கூடம் கம்பனியின் எண்ணம். பத்து நிமிடம் தொழிலாளரின் தேவை.

இரண்டாவது, வேலையில் என்ன மாறியது? நேரம், ஆட்தொகை, வேலைப் பட்டியல், மேற்பார்வையாளரின் வாய், இவற்றில் ஒன்றாவது மாறியதா? இவை மாறாமல் யோகா மட்டும் வந்தால், குனிந்து சுமப்பவருக்கு முதுகுவலித் தைலம் கொடுத்த கதைதான். தைலம் நல்லது, சுமை அப்படியே இருக்கிறது.

மூன்றாவது, குறை சொன்னவர் ஆறு மாதம் கழித்து எங்கே இருக்கிறார்? அவருடைய மணித்தியாலங்கள் குறைந்துவிட்டனவா? ஒருவர் தண்டிக்கப்பட்டால் அதன் பின் எந்தக் கணிப்பிலும் உண்மை வராது.

நான்காவது, இது யாருக்கு எட்டவில்லை? இரவு வேலையாளர், முகவர் நிறுவனம் மூலம் வந்தவர், ஆங்கிலத்தில் மனதைச் சொல்ல முடியாதவர். வாடியாவுக்குத் தமிழில் சொல்ல ஆள் இருந்தது போல இவர்களுக்கும் வேண்டும்.

எமக்கென்று ஒரு தனிச் சிக்கலும் உண்டு. உயிரைக் காப்பாற்றிக்கொண்டு வந்த குடும்பங்கள் நாங்கள். 'வேலை கிடைத்ததே பெரிது, குறை சொல்லலாமா' என்ற எண்ணம் எங்கள் தலைமுறையின் இரத்தத்தில் ஊறியது. வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளை வேலையிடத்தில் மனஅழுத்தம் என்று சொன்னால், 'நாங்கள் பட்டதைவிடவா?' என்று கேட்டுவிடுகிறோம். நன்றி உணர்வு நல்ல பண்பு. ஆனால் நன்றி வேறு, மௌனம் வேறு. பெரம்பூர்த் தொழிலாளரும் வேலை வேண்டாம் என்று சொல்லவில்லை. வேலை செய்ய வேண்டும், அதற்குச் சோறு தின்ன வேண்டும் என்றுதான் சொன்னார்கள். மனம் தாங்காத நேரத்தில் 1737 என்ற இலக்கத்துக்கு அழைத்தோ குறுஞ்செய்தி அனுப்பியோ பயிற்சி பெற்ற ஒருவரோடு இலவசமாகப் பேசலாம். அதைப் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, எங்கள் வயதுக்காரருக்கும் சொல்லி வைக்கிறேன்.

கடைசியாக, சற்றுக் கசப்பான ஒன்று. நாங்கள் இப்போது தொழிலாளர் மட்டும் இல்லை. எங்களில் பலர் கடை வைத்திருக்கிறோம், உணவகம் நடத்துகிறோம், துப்புரவு ஒப்பந்தம் எடுத்திருக்கிறோம். அங்கே வேலை செய்வதும் பெரும்பாலும் எங்கள் ஆட்கள்தான், புதிதாக வந்தவர்கள், விசாவுக்குக் காத்திருப்பவர்கள். 'அண்ணை', 'தம்பி' என்றுதான் பேசிக்கொள்கிறோம். அந்த உறவுச் சொல்லே சில வேளை ஒரு பூட்டாகிவிடும். அண்ணனிடம் தம்பி இடைவேளை கேட்பானா? கூடுதல் மணித்தியாலத்துக்குக் காசு கேட்பானா? தீபாவளிக்கு உடுப்பும் பொங்கலுக்குக் காசும் கொடுக்கிற முதலாளி நல்லவர்தான். அந்தத் தம்பி நாளை மத்தியானம் எத்தனை மணிக்கு, எங்கே இருந்து, எத்தனை நிமிடம் சாப்பிடுகிறான் என்று கவனிக்கிற முதலாளி அவரைவிட நல்லவர். கவனித்த பிறகு, 'வேறென்ன கஷ்டம் இருக்குது, பயமில்லாமல் சொல்லு' என்று கேட்டு, சொன்னதில் ஒன்றையாவது அந்த மாதமே மாற்றுகிறவர்தான் நலன்புரி செய்கிறவர்.

செல்வபதி செட்டியாரின் கடைக்கு வந்தவர்கள் பெரிய தத்துவம் ஒன்றும் பேசவில்லை. அவர் காது கொடுத்துக் கேட்டார், கேட்டதை வைத்து ஏதோ செய்தார். அதற்குப் பெரிய கம்பனியும் வேண்டாம், பெரிய செலவும் வேண்டாம். எங்கள் ஒவ்வொருவருடைய கடையிலும் வேலைத்தலத்திலும் அது முடியும்.

அடுத்த மாத உரையில் மீண்டும் சந்திப்போம்.